டர்பன் – ஜோகன்னஸ்பர்க் மேடு பள்ளமும் கார்புரேட்டர் வண்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிசான் 1400 பக்கி (சின்ன பிக்கப் வண்டி) 2008 வரைக்கும் தென்னாப்பிரிக்காவில் கார்புரேட்டரோடுதான் வந்துகொண்டிருந்தது. அதனால் டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலும் இன்றைக்கும் வேலைக்குப் போய்வரும் கார்புரேட்டர் வண்டிகள் நிறைய. அப்பா வைத்திருந்த டாட்சன், தாத்தா வாங்கிய கார்ட்டினா, யூட்டன்ஹாகில் செய்த பீட்டில், மினி என்று ஆசையாகப் பாதுகாத்து வருகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு ஈஸ்டருக்கோ கல்யாணத்துக்கோ என்-3 நெடுஞ்சாலையைப் பிடித்து மேலே ஜோகன்னஸ்பர்க்குக்கோ கீழே டர்பனுக்கோ போகத்தான் வேண்டும். அப்போது வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

டர்பனில் பட்டுப்போல ஓடிய வண்டி ஜோபர்க் போனதும் ஏன் இழுக்கமாட்டேன் என்கிறது?

இரண்டு காரணங்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் காரணம் காற்று. டர்பன் கடல்மட்டம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 82 சதவீதம்தான். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் வருகிற காற்றின் கன அளவு அதேதான். அதில் இருக்கிற ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜன் குறைந்தால் எரிக்க முடிகிற பெட்ரோலும் குறையும், சக்தியும் குறையும். டர்போ இல்லாத எந்த இன்ஜினும் இங்கே ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். டர்பனில் 60 குதிரைசக்தி தந்த இன்ஜின் மேலே 50 தரும். இதற்கு மருந்து கிடையாது.

இரண்டாவது காரணம், காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர். அதன் குறுகிய வென்சுரித் தொண்டை வழியாகக் காற்று போகும் வேகம்தான் ஜெட் என்ற சின்ன ஓட்டையுள்ள பித்தளைத் துண்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. காற்று மெலிந்துவிட்டது என்பது கார்புரேட்டருக்குத் தெரியாது. காற்று எந்த அளவு குறைந்ததோ அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காமல், பாதி அளவுக்கே குறைக்கிறது. மிச்சப் பெட்ரோல் எரியாமல் கலவையில் தங்குகிறது. வண்டி ரிச்சாக, அதாவது பெட்ரோல் மிகுந்த கலவையில், ஓடுகிறது. இதற்கு மருந்து உண்டு. இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

எவ்வளவு ரிச் ஆகும்? கணக்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, சுலபமானது. காற்றின் அடர்த்தி எத்தனை மடங்காகக் குறைகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் கலவை எவ்வளவு ரிச் ஆகும் என்று கிடைக்கும். 1,700 மீட்டரில், வெப்பநிலையையும் சராசரியாக வைத்துக்கொண்டால், காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் சுமார் 0.85. அதன் வர்க்கமூலம் 0.92. ஆக, கலவை 8 முதல் 9 சதவீதம் ரிச்.

இதே கணக்கில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் (சுமார் 600 மீட்டர்) 3 சதவீதம். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். மூய் ரிவர் (சுமார் 1,400 மீட்டர்) 7 சதவீதம். காது பழகியவர்களுக்கு அங்கேயே தெரிந்துவிடும். சானி பாஸ் உச்சி (சுமார் 2,870 மீட்டர்) 15 சதவீதம். அங்கே எல்லோருக்கும் தெரியும், பின்னால் வருகிற வண்டிக்காரருக்கும் புகையில் தெரியும்.

எண்ணாகச் சொன்னால், டர்பனில் முழு ஆக்சிலேட்டரில் 12.8 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று அழகாக வைத்த வண்டி, ஜோபர்க்கில் 11.8க்கு வந்துவிடும். சமவெளியில் மிதமாக ஓட்டும்போது 14.5 இருந்தது 13.3 ஆகும். இன்ஜின் நின்றுபோகிற அளவு ரிச் இல்லை இது. அதனால்தான் பலர் வருடக்கணக்கில் அப்படியே ஓட்டி, பெட்ரோலுக்கும் பிளக்குக்கும் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

ஜெட்டை மாற்றினால் போன சக்தி முழுக்கத் திரும்பி வருமா?

வராது. அப்படிச் சொல்லிக் காசு வாங்குகிறவர்களை நம்பாதீர்கள். கலவையைச் சரிசெய்தால் முழு ஆக்சிலேட்டரில் சக்தி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: மைலேஜ் திரும்பும், பிளக் கறுக்காது, ரோபோட்டில் (டிராஃபிக் லைட்டில்) நின்று கிளம்பும்போது திணறாது, சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைப் பெட்ரோல் கழுவிக்கொண்டு போகாது.

மெலிந்த காற்றை ஈடுகட்ட ஒரே வழி காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. ஜோபர்க் பக்கத்துக் கியாலாமி ஓட்டத்தளத்தில் 1979இல் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ழான்-பியர் ழபுய் ஓட்டிய ரெனோ டர்போ முதலிடத்திலிருந்து புறப்பட்டது. ஒரு டர்போ வண்டிக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. அடுத்த வருடம் அதே தளத்தில் ரெனே ஆர்னூ அதே கம்பெனியின் டர்போ வண்டியில் வென்றார். மற்ற வண்டிகளுக்கெல்லாம் மூச்சு முட்டிய உயரத்தில் டர்போ தன் காற்றைத் தானே அமுக்கிக்கொண்டது. நம் 1400 பக்கிக்கு அந்த வசதி இல்லை. இருக்கிற காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைக் கொடுப்பதுதான் நம்மால் ஆனது.

கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருப்பினால் போதாதா? எங்கள் ஊர் மெக்கானிக் அப்படித்தான் செய்கிறார்.

போதாது. அந்த ஸ்க்ரூ ஐடிலிங்குக்கும் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சும்மா ஓடுவது) அதற்குச் சற்று மேலேயும்தான் வேலை செய்யும். நெடுஞ்சாலையில் 100இல் போகும்போது பெட்ரோல் வருவது மெயின் ஜெட் வழியாக. ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் மெயின் ஜெட் அதே ஓட்டையோடுதான் உட்கார்ந்திருக்கும்.

ஆனாலும் ஐடிலிங்கைச் சரிசெய்துதான் ஆகவேண்டும், முறையாக. இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், சோக் (குளிரில் கிளம்புவதற்காகக் காற்றை மறைக்கும் தகடு) முழுக்கத் திறந்திருக்க வேண்டும், ஏர் ஃபில்டர் மாட்டியிருக்க வேண்டும். பெரும்பாலான சோலெக்ஸ், வெபர், ஹிட்டாச்சி வகைகளில் ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் லீன் (பெட்ரோல் குறைந்த கலவை), வெளியே திருப்பினால் ரிச். மெதுவாக உள்ளே திருப்பிக்கொண்டே போங்கள். இன்ஜின் வேகம் விழ ஆரம்பிக்கிற இடத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து வேகம் உச்சத்துக்கு வருகிறவரை வெளியே எடுங்கள். பிறகு த்ராட்டில் ஸ்க்ரூவில் ஐடில் வேகத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இதை இன்னொரு முறை செய்யுங்கள். மேலே வந்த வண்டிக்கு வழக்கமாகக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று உள்ளே போகும். காற்று குறைந்ததால் த்ராட்டில் ஸ்க்ரூவை ஒரு துளி திறக்கவும் வேண்டியிருக்கும்.

ஸ்க்ரூவை முழுக்க உள்ளே தள்ளும்போது பலத்தைக் காட்டாதீர்கள். அதன் ஊசிமுனை பித்தளை. ஒருமுறை வரி விழுந்துவிட்டால் அப்புறம் அந்தக் கார்புரேட்டர் ஒழுங்காக ஐடில் ஆகாது.

சரி, மெயின் ஜெட்டை மாற்றுகிறேன். எந்த எண் வாங்குவது?

முதலில் இப்போது இருக்கிற ஜெட்டைக் கழற்றிப் பாருங்கள். பித்தளைத் தலையில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். வெபர், சோலெக்ஸ் ஜெட்டுகளில் 130 என்றிருந்தால் ஓட்டை 1.30 மில்லிமீட்டர். கலவையை 8 சதவீதம் குறைக்க ஓட்டையின் பரப்பளவை 8 சதவீதம் குறைக்க வேண்டும். பரப்பளவு விட்டத்தின் வர்க்கம் என்பதால் விட்டம் 4 சதவீதம் குறைந்தால் போதும். 130க்கு 125. 115க்கு 110. 140 இருந்தால் 135. கடற்கரைக்கும் ஹைவெல்டுக்கும் (ஜோபர்க் இருக்கிற மேட்டுநிலம்) வித்தியாசம் ஐந்து எண்தான் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஹோலி போன்ற அமெரிக்கக் கார்புரேட்டர்களில் ஜெட் எண் வேறு கணக்கு, விட்டத்தை நேரடியாகச் சொல்லாது. அவற்றுக்கு அந்தக் கம்பெனியின் ஜெட் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

இரண்டு தொண்டை உள்ள கார்புரேட்டரில் இரண்டு மெயின் ஜெட் இருக்கும். தினசரி ஓட்டத்தில் முதல் தொண்டைதான் முக்கியம், மைலேஜ் அங்கேதான். இரண்டாவது தொண்டை முழு ஆக்சிலேட்டரில் திறக்கும். இரண்டையும் மாற்றுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் சரியான எண் கிடைத்தது என்றால் முதல் தொண்டையை மாற்றிவிட்டு இரண்டாவதை ரிச்சாகவே விடுங்கள். லீனாக விடுவதைவிட அது பாதுகாப்பு.

ஜெட்டை ஈயம் வைத்து அடைத்து மறுபடி துளைபோடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். ஓட்டையின் அளவு மட்டும் கணக்கு இல்லை. அதன் வாயில் இருக்கிற சாய்வும் வழவழப்பும் சேர்ந்துதான் எவ்வளவு பெட்ரோல் போகும் என்று தீர்மானிக்கின்றன. கையால் துளைபோட்ட இரண்டு ஜெட் ஒன்றுபோல இருக்காது. அதேபோல ஃப்ளோட் அளவை (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் மட்டம்) இறக்கி லீன் ஆக்குவதும் தவறான வழி. வளைவில் திரும்பும்போதும் ஏற்றத்திலும் பெட்ரோல் ஜெட்டை விட்டு விலகி இன்ஜின் விக்கும்.

என் மினியில் எஸ்யூ கார்புரேட்டர். அது உயரத்துக்குத் தானாகவே சரிசெய்துகொள்ளும் என்கிறார்களே?

நல்ல கார்புரேட்டர்தான், ஆனால் அந்த வித்தை அதற்குத் தெரியாது. எஸ்யூவில் பிஸ்டன் ஏறி இறங்கித் தொண்டையின் அளவை மாற்றி, உறிஞ்சும் அழுத்தத்தை ஒரே அளவாக வைத்துக்கொள்கிறது. அதனால் ஜெட்டிலிருந்து வருகிற பெட்ரோல் பிஸ்டனின் உயரத்தையும் ஊசியின் வடிவத்தையும் மட்டும் பொறுத்தது. காற்று மெலிந்தாலும் அதே பிஸ்டன் உயரத்தில் அதே பெட்ரோல். கணக்குப் போட்டால் மற்றக் கார்புரேட்டர்களுக்கு வந்த அதே 8 சதவீதம்தான் வரும்.

ஆனால் எஸ்யூக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜெட் கடைக்கு அலைய வேண்டாம். கீழே இருக்கிற ஆறுமுக நட்டை மேலே ஏற்றினால் ஜெட் மேலேறும், லீன் ஆகும். இறக்கினால் ரிச் ஆகும். ஒரு முகம் திருப்பிவிட்டு, ஜெட்டை மேலே தள்ளி நட்டோடு ஒட்டவைத்துவிட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் ஸ்க்ரூ உள்ள பிந்தைய எஸ்யூ வகைகளிலும் செய்கிற வேலை இதுவே.

எப்படிப் பார்ப்பது? பிஸ்டனைத் தூக்கும் சின்னப் பின் இருக்கிறது. இன்ஜின் ஐடில் ஆகும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, சுமார் 0.8 மில்லிமீட்டர், தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச். வேகம் குறைந்து தடுமாறினால் லீன். ஒரு நொடி கூடி மறுபடி பழைய இடத்துக்கு வந்தால் சரி. மேலே பிஸ்டனின் அசைவை அடக்கும் டாஷ்பாட்டில் ஆயில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அது காலியாக இருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி விக்கும், நீங்கள் கலவையைச் சந்தேகப்படுவீர்கள்.

பிளக்கைப் பார்த்துச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் வீட்டு வாசலில் வந்து நின்று, இரண்டு நிமிடம் ஐடில் ஆன பிறகு கழற்றிய பிளக் ஐடிலிங்கின் கதையைத்தான் சொல்லும். நெடுஞ்சாலைக் கலவையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் சமதரையில் ஒரே வேகத்தில் சில கிலோமீட்டர் ஓட்டி, க்ளட்சை மிதித்தபடியே இன்ஜினை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டிக் கழற்ற வேண்டும். ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும்படி சாவியை வெளியே எடுத்துவிடாதீர்கள். பவர் பிரேக் உள்ள வண்டியில் இன்ஜின் அணைந்தபின் இரண்டொரு மிதிக்குத்தான் உதவி கிடைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். என்-3இல் லாரிக் கூட்டத்துக்கு நடுவே இந்தச் சோதனை வேண்டாம். உள்ளூர்ச் சாலை போதும்.

இன்னொன்று: பழைய புத்தகங்களில் சொல்லும் இளம்பழுப்பு நிறத்தை இன்று அவ்வளவாகப் பார்க்க முடியாது. அந்த நிறத்தில் ஒரு பங்கு ஈயத்தால் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்த நாட்டில் 2006 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இப்போது வெள்ளைப் பீங்கான் மேலே கிட்டத்தட்டச் சுத்தமாகவே இருக்கும். பார்க்க வேண்டியது பீங்கான் உள்ளே போய் இரும்போடு சேர்கிற அடிப்பகுதி. டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கே ஒரு புகை வளையம் தெரியும். மெல்லியதாக இருந்தால் நல்லது. வளையம் அகலமாகிப் பீங்கானின் பாதிவரை ஏறியிருந்தால் ரிச். வளையமே இல்லாமல் பீங்கான் சுண்ணாம்புபோல் வெளுத்து, பொடிப்பொடியாக மினுக்கும் புள்ளிகள் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம்.

வெல்வெட் துணிபோல் உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி. ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில்; அதற்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை.

கை கூசாமல் செலவு செய்ய முடிந்தால், சைலன்சர் குழாயில் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சர் மாட்டி டயலை டேஷில் வையுங்கள். பிளக் சொல்வதை அது ஓடும்போதே எண்ணாகச் சொல்லும். முழு மிதியில் 12.5 முதல் 13, மிதமான ஓட்டத்தில் 14 முதல் 15 என்றிருந்தால் நிம்மதியாக ஓட்டலாம்.

வேக்யூம் கேஜ் 14 அங்குலம்தான் காட்டுகிறது, கம்ப்ரஷனும் 130தான். டர்பனில் 19உம் 160உம் இருந்தன. ரிங் போய்விட்டதா?

இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள்! இந்த இரண்டு எண்களைப் பார்த்துப் பயந்து நல்ல இன்ஜினைத் திறந்தவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் வேக்யூம் கேஜ் சுமார் ஒரு அங்குலம் குறைவாகக் காட்டும். ஜோபர்க்கில் ஐந்து அங்குலத்துக்கு மேல் குறைவது இயற்கை. கம்ப்ரஷனும் அப்படித்தான்: கடற்கரையில் 160 பிஎஸ்ஐ காட்டிய அதே சிலிண்டர் மேலே 130 பக்கம்தான் காட்டும், ஏனென்றால் அமுக்குவதற்கு உள்ளே வந்த காற்றே குறைவு. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று 130 காட்டி ஒன்று 95 காட்டினால் அப்போது கவலைப்படலாம்.

டைமிங்கைத் தொட வேண்டுமா? பெட்ரோல் 93ஆ, 95ஆ?

டைமிங் என்பது பிளக் பொறி அடிக்கிற நேரம். மெலிந்த காற்றில் சிலிண்டருக்குள் அடர்த்தி குறைந்த கலவை மெதுவாக எரியும். அதனால் மேலே வந்ததும் டைமிங்கை இரண்டு முதல் நான்கு டிகிரி முன்னே தள்ளினால் இழுவை நன்றாக இருக்கும். போதாததற்கு, வேக்யூம் குறைந்திருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் அட்வான்ஸும் வழக்கத்தைவிடக் குறைவாகவே தள்ளும். வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட் வைத்துத்தான் மாற்ற வேண்டும். மாற்றும் முன் பழைய நிலையை டிஸ்ட்ரிபியூட்டரில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோடு கீழே இறங்கும்போது வேண்டும்.

ஹைவெல்டில் 93 ஆக்டேன் போதும் என்பதற்கும் காரணம் இதே மெலிந்த காற்றுதான். சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டும் சத்தம்) வர வாய்ப்பும் குறைவு. கடற்கரையில் 95. அதனால்தான் உள்நாட்டில் டேங்கை 93 ஊற்றி நிரப்பி, டைமிங்கை முன்னே தள்ளி, சின்ன ஜெட்டோடு டர்பனுக்கு இறங்குகிற வண்டி ஆபத்தான வண்டி. மூன்றும் ஒரே திசையில் தவறுகின்றன. டர்பனுக்கு அருகே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் எதுவும் தெரியாது. திரும்பி ஏறும்போது மூன்றாவது கியரில் மிதித்தால் இரும்புக் குண்டுகளைத் தகரத்தில் கொட்டினாற்போல் சத்தம் வரும்.

ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு லெனேசியாவிலிருந்து போய் மூன்று நாளில் திரும்புகிறோம். அதற்காக ஜெட் மாற்ற வேண்டுமா?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரிய வெள்ளிக்கிழமை பூஜைக்குக் குடும்பத்தோடு ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். வண்டியில் ஐந்து பேர், பின்னால் பாத்திரபண்டம், பாட்டியின் நாற்காலி. பதில், நீங்கள் எந்தத் திசையில் கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

டர்பன் வண்டி மேலே போய்வர வேண்டுமென்றால் ஒன்றும் செய்யாதீர்கள். ரிச்சாக ஓடும், பெட்ரோல் குடிக்கும், கொஞ்சம் சோம்பும். திரும்பி வந்து பிளக்கைத் துடைத்துக்கொள்ளலாம்.

ஜோபர்க் ஜெட் போட்ட வண்டி கீழே இறங்குவது வேறு கதை. மேலே 12.8 வைத்த கலவை கடற்கரையில் 13.9 ஆகிவிடும். வெறும் வண்டியில் ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் தாங்கும். நிறைந்த பாரத்தோடு ஏற்றத்தில் முழுக்க மிதித்தால் எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டன் தலையும் கொதிக்கும். ரிச் பணத்தைத் தின்னும்; லீன் இன்ஜினையே தின்னும். ஆகவே இறங்குகிறவர்கள் கிளம்பும் முன்னே லெனேசியாவிலேயே பெரிய ஜெட்டைப் போட்டுவிடுங்கள், டைமிங்கைப் பழைய வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், டர்பன் சேர்ந்ததும் 95 ஊற்றுங்கள். ஹாரிஸ்மித் வரைக்கும் கொஞ்சம் ரிச்சாக ஓடினால் ஒன்றும் கெட்டுப்போகாது. எஸ்யூக்காரர்கள் நட்டை இரண்டு முகம் இறக்கிவிட்டுப் போகலாம். எத்தனை முகம் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி க்ளவ் பாக்ஸில் வைத்துவிடுங்கள்.

மாதம் இரண்டு முறை மேலும் கீழும் போகிற வியாபாரிகளுக்கு நான் சொல்வது: கடற்கரை ஜெட்டையே நிரந்தரமாக வையுங்கள். அல்லது இரண்டுக்கும் நடுவில் ஒரு எண் கிடைத்தால் அதைப் போட்டு, டைமிங்கைக் கடற்கரைக் கணக்கில் விட்டுவிடுங்கள்.

கோடையிலும் குளிரிலும் வண்டி வேறுவேறு மாதிரி ஓடுகிறதே?

ஓடத்தான் செய்யும். வெப்பமும் காற்றின் அடர்த்தியை மாற்றும். 30 டிகிரிக்கும் 0 டிகிரிக்கும் அடர்த்தியில் சுமார் 11 சதவீத வித்தியாசம், கலவையில் 5 சதவீதம். இதோடு டர்பனின் பிப்ரவரி ஈரக்காற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீராவி ஆக்சிஜனின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. அதனால் பிப்ரவரி நடுப்பகலில் டர்பனில் டியூன் செய்த வண்டி, ஜூலை மாதம் உறைபனி விழுந்த விடியற்காலையில் லெனேசியாவில் பார்த்தால் 4 சதவீதம் மட்டுமே ரிச்சாக இருக்கும். அதே வண்டி அதே நாள் மதியம் வெயில் ஏறியதும் இன்னும் ரிச் ஆகும்.

இதிலிருந்து ஒரு வேலைமுறை: ஹைவெல்டில் ஜெட் தேர்வு செய்வதைக் குளிர்கால மதியத்தில் செய்யுங்கள், கோடை வெயிலில் செய்யாதீர்கள். வெயிலில் கச்சிதமாக லீன் செய்து வைத்தால் ஜூன் மாத விடியலில் அது அளவுக்கு மீறிய லீன் ஆகிவிடும்.

வான் ரீனென் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தேன், இன்ஜின் விக்கி நின்றுவிட்டது. அரைமணி கழித்துத் தானாகவே கிளம்பியது. ஜெட்தான் காரணமா?

ஜெட் இல்லை, வேப்பர் லாக். ஜோபர்க்கில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். டர்பனிலிருந்து போன அம்மாக்கள் பருப்பு வேக நேரமாகிறது என்று சொல்வது இதனால்தான். பெட்ரோலுக்கும் அதே கதி. அழுத்தம் குறைந்த இடத்தில் சீக்கிரம் ஆவியாகும். மெதுவான ஏற்றத்தில் பானெட்டுக்குள் காற்றோட்டம் இல்லை, எக்ஸாஸ்ட் கொதிக்கிறது, பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் ஆவிக்குமிழி அடைத்துக்கொள்கிறது. மெக்கானிக்கல் பம்பு குமிழியைத் தள்ளமாட்டாமல் வெறுமனே துடிக்கும்.

பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி வழிமாற்றுங்கள், வெப்பம் தாங்கும் உறை போடுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கவேண்டிய தடித்த பேக்கலைட் தட்டை யாராவது மெல்லிய பேக்கிங்காக மாற்றிவிட்டார்களா என்று பாருங்கள். பல வண்டிகளில் அது காணாமல் போயிருக்கும். டேங்கின் அருகே தள்ளும் மின்சாரப் பம்பு நிரந்தரத் தீர்வு, ஆனால் அழுத்தம் கார்புரேட்டருக்கு ஏற்றபடி குறைவாக இருக்கவேண்டும். ரேடியேட்டர் மூடியையும் புதிதாக மாற்றுங்கள். அழுத்தம் பிடிக்காத மூடியோடு இந்த உயரத்தில் ஏறினால் கூலன்ட்டும் சீக்கிரம் கொதிக்கும்.

அதே பாதையில் லேடிஸ்மித் பக்கம் இறங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரேக் பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தால் வேலை செய்கிற பொருள். மேலே அதன் உதவி குறைவு. கியரைக் குறைத்து இன்ஜின் பிடியில் இறங்குங்கள்.

சானி பாஸ் ஏறப்போகிறோம், பழைய கார்புரேட்டர் ஹைலக்ஸில்.

ஃபோர்-பை-ஃபோர் என்பதால் வழி விடுவார்கள். டர்பன் ஜெட்டோடு போனால் உச்சியில் 15 சதவீதம் ரிச், இழுவை நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஜோபர்க் ஜெட்டைப் போட்டுக்கொண்டு போங்கள், லோ ரேஞ்சில் ஏறுங்கள். உச்சிக்கென்று தனி ஜெட் வேண்டாம், அன்றைக்கே இறங்கிவிடுவீர்கள். ஏற்றத்தில் சோக்கைத் தொடாதீர்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் காற்று தாராளமாகப் போய்க் கலவை சரியாகிவிடும் அல்லவா?

கழற்றவே கழற்றாதீர்கள். ஆகஸ்ட் காற்றில் சுரங்க மண்மேடுகளிலிருந்து பறக்கிற மஞ்சள் தூசியை லெனேசியாவில் ஜன்னலைத் துடைக்கிற எல்லோருக்கும் தெரியும். அது பொடித்த குவார்ட்ஸ் கல். சிலிண்டரை உப்புக்காகிதம்போல் தேய்த்துவிடும். மாறாக, ஃபில்டர் அழுக்கேறி அடைந்திருந்தால் அதுவே ரிச் ஆக்கும். உயரத்தைக் குறைசொல்லும் முன் புது ஃபில்டர் போட்டு, சோக் தகடு முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். பாதி வண்டிகளில் கேபிள் இறுகிச் சோக் கால்வாசி மூடியே கிடக்கும்.

இன்ஜெக்ஷனுக்கு மாற்றிவிட்டால்?

அழுத்த சென்சர் வைத்துக் காற்றை அளந்து பெட்ரோல் கொடுக்கும். ஜெட் தொல்லை தீர்ந்தது. தினசரி ஓட்டுகிற வண்டிக்குப் பரவாயில்லை. தாத்தா வண்டிக்கு நான் செய்யமாட்டேன்.

ஜோபர்க்கிலிருந்து ஒரு பழைய கொரோலா வாங்கி டர்பனுக்கு ஓட்டி வருகிறேன். முதலில் எதைப் பார்க்கட்டும்?

விற்றவர் என்ன சொன்னாலும் ஜெட்டைக் கழற்றி எண்ணை நீங்களே படியுங்கள். முன்பு யார் எதைப் போட்டார்கள் என்று அந்தப் பித்தளைத் தலை ஒன்றுதான் சரியாகச் சொல்லும். அந்த மாடலுக்குக் கம்பெனிப் புத்தகம் சொல்லும் எண்ணைவிடச் சின்னதாக இருந்தால், புத்தகத்து எண்ணை வாங்கிக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். டைமிங்கைப் புத்தகத்து டிகிரிக்கு வையுங்கள். ஜெட் கிடைக்கவில்லை, இன்றே கிளம்பியாக வேண்டும் என்றால் மிதமான வேகத்தில், ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல், மூய் ரிவருக்குக் கீழே எந்த ஏற்றம் வந்தாலும் கியரைக் குறைத்து ஏறி வாருங்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் அடிவளையத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நாலும் ஒன்றுபோல இருந்தால் வெறும் ஜெட் வேலை. ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டர் பக்கத்து மேனிஃபோல்டு பேக்கிங்கில் காற்று ஒழுகுகிறது. ஜெட்டைத் தொடும் முன் அந்த ஒழுகலை அடைத்துவிடுங்கள்.